குடிக்காதே என்று அவளிடம் மட்டும் சொன்னால் போதாது

ஒவ்வொரு வருடமும் செப்டம்பர் 9 அன்று, காலை 9 மணி 9 நிமிடத்துக்கு, உலகத்தின் பல ஊர்களில் மணி அடிக்கிறார்கள். ஒன்பதாம் மாதம், ஒன்பதாம் தேதி, ஒன்பது மணி, ஒன்பது நிமிடம். கர்ப்பத்தின் ஒன்பது மாதங்களும் மதுவின் வாடையே இல்லாமல் கழிய வேண்டும் என்பதை நினைவுபடுத்தத்தான் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 1999-இல் இதைத் தொடங்கியவர்கள் கனடாவிலும் அமெரிக்காவிலும் இருந்த சில வளர்ப்புப் பெற்றோர். தாங்கள் தத்தெடுத்து வளர்த்த பிள்ளைகள் ஏன் இப்படித் தடுமாறுகிறார்கள் என்று பல வருடங்கள் மருத்துவமனை மருத்துவமனையாக அலைந்து, பிறகு காரணத்தைக் கண்டுபிடித்தவர்கள்.

காரணத்துக்குப் பெயர் எஃப்ஏஎஸ்டி. தாய் கர்ப்பமாக இருந்தபோது குடித்த மது, வயிற்றில் இருந்த பிள்ளையின் மூளையையும் உடலையும் பாதிப்பதால் வரும் குறைபாடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்திருக்கும் பெயர். சிலருக்கு லேசாக இருக்கும், சிலருக்குக் கடுமையாக இருக்கும். எப்படி இருந்தாலும் வாழ்நாள் முழுக்க இருக்கும்.

நான் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் ஒரு தொடக்கப்பள்ளியில் உதவி ஆசிரியையாக வேலை பார்க்கிறேன். இந்தப் பெயரை நான் முதன்முதலில் கேட்டது அந்த வேலையில்தான். தமிழ்நாட்டில் பள்ளி, கல்லூரி, கல்யாணம், பிரசவம் என்று எல்லாவற்றையும் தாண்டி வந்த எனக்கு அதுவரை ஒருவர்கூட இதைப் பற்றிச் சொன்னதில்லை. பப்பாளி சாப்பிடாதே என்றார்கள், அன்னாசி சாப்பிடாதே என்றார்கள், கிரகண நேரத்தில் வெளியே போகாதே என்றார்கள். மதுவைப் பற்றி யாரும் பேசவில்லை. பேச வேண்டிய அவசியமே இல்லை என்று நினைத்திருப்பார்கள். அந்த நினைப்பைப் பற்றித்தான் இந்தப் பதிவு. ஆனால் நம் வீட்டுக்கு வருவதற்கு முன் இன்னொரு ஊருக்குப் போய்விட்டு வர வேண்டும். விழிப்புணர்வு என்றால் என்ன என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்த ஊர் அது.

அதற்கும் முன்னால், வகுப்பில் நான் பார்த்த ஒரு பையனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

எட்டு வயது இருக்கும். நல்ல சிரிப்பு. யார் கூப்பிட்டாலும் ஓடிப் போய் உதவி செய்வான். ஆனால் "ஷூவைக் கழற்று, பையை மாட்டு, பாயில் வந்து உட்கார்" என்று ஒரே மூச்சில் சொன்னால் நடு வகுப்பில் அப்படியே நின்றுவிடுவான். கடைசியாகச் சொன்னது மட்டும் காதில் நின்றிருக்கும். ஷூவோடு பாயில் ஏறுவான். திங்கட்கிழமை அழகாகச் சொன்ன வாய்ப்பாடு செவ்வாய்க்கிழமை சுத்தமாக நினைவில் இருக்காது. புதன்கிழமை திரும்ப வந்துவிடும். கடிகாரம் பார்க்கத் தெரியாது, கையில் இருக்கும் காசுக்கு என்ன வாங்கலாம் என்று தெரியாது. ஒரு தப்புக்குத் தண்டனை கொடுத்தால், எதற்காகக் கொடுத்தார்கள் என்று அவனுக்கு விளங்காது. மறுநாள் அதையே செய்வான். முகத்தைப் பார்த்தால் மற்ற பிள்ளைகளுக்கும் அவனுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. அதனாலேயே "சொன்ன பேச்சு கேட்காதவன்", "வேண்டுமென்றே செய்கிறான்", "வளர்ப்பு சரியில்லை" என்ற பட்டங்கள் அவனுக்குச் சுலபமாகக் கிடைத்தன.

பரிசோதனை செய்து காரணம் தெரிந்த பிறகு, மாற்றிக்கொள்ள வேண்டியவர்கள் நாங்கள்தான் என்று புரிந்தது. ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொன்னோம். சொன்னதைப் படமாக வரைந்து மேசையில் ஒட்டினோம். தினமும் அதே வரிசையில் அதே வேலைகள். மறந்தால் திட்டாமல் திரும்பச் சொன்னோம். அவன் மூளையில் இருந்த சேதம் போய்விடவில்லை, அது போகாது. ஆனால் காலையில் அழாமல் பள்ளிக்கு வந்தான்.

அவன் அம்மாவை வாசலில் அடிக்கடி பார்ப்பேன். யார் முகத்தையும் பார்க்காமல் பிள்ளையை விட்டுவிட்டுப் போய்விடுவார். அவரை எல்லோரும் எப்படிப் பார்த்தார்கள் என்பதை நானும் பார்த்தேன். இந்த விஷயத்தைப் பேச ஆரம்பித்தால் முதலில் விரல் நீள்வது அந்தத் தாயை நோக்கித்தான். அப்படி விரல் நீட்டுவதால் ஒரு பிள்ளையைக்கூடக் காப்பாற்ற முடியாது.

இப்போது அந்த ஊருக்கு வருகிறேன்.

பெர்த்திலிருந்து சாலை வழியாகப் போனால் சுமார் 2,500 கிலோமீட்டர் வடக்கே, கிம்பர்லி பகுதியில் இருக்கிறது ஃபிட்ஸ்ராய் கிராஸிங். ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். அதைச் சுற்றி அந்த ஆற்றின் பள்ளத்தாக்கில் பூனூபா, கூனியாண்டி, வால்மஜாரி, நியிகினா, வாங்கட்ஜுங்கா மக்கள் வாழும் சுமார் 45 குடியிருப்புகள். ஆஸ்திரேலியாவின் ஆதிகுடி மக்கள். பல தலைமுறைகளாக வெள்ளையர்களின் மாட்டுப்பண்ணைகளில் சம்பளமே இல்லாமல், அல்லது பெயருக்குச் சம்பளத்தில், உழைத்தவர்கள். 1960-களின் கடைசியில் அவர்களுக்கும் சமச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்ற உத்தரவு வந்தபோது, பல பண்ணைகள் அவர்களை ஒட்டுமொத்தமாக வெளியே அனுப்பின. சொந்த மண்ணிலிருந்து துரத்தப்பட்ட குடும்பங்கள் ஃபிட்ஸ்ராய் கிராஸிங்கின் ஓரங்களில் தகரக் கொட்டகைகளில் வந்து விழுந்தன. வேலை போயிற்று, நிலம் போயிற்று, பிள்ளைகளை அரசாங்கம் பிடித்துக்கொண்டு போன காயம் ஏற்கெனவே இருந்தது. மது மட்டும் தாராளமாகக் கிடைத்தது.

2000-களின் நடுவில் அந்த ஊரில் சவ அடக்கம் இல்லாத வாரம் அபூர்வம் என்ற நிலை. பல மரணங்களுக்குப் பின்னால் குடி இருந்தது. அவற்றில் எத்தனையோ தற்கொலைகள். கிம்பர்லியில் நடந்த 22 மரணங்களைப் பற்றி மாநில மரண விசாரணை அதிகாரியே தனி விசாரணை நடத்த வேண்டியிருந்தது. பாட்டிகள் தங்கள் பேரப்பிள்ளைகளைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பிள்ளைகளில் பலர் கற்றுக்கொள்ளாமல் தடுமாறுகிறார்களே, கதை சொன்னால் நினைவில் நிற்பதில்லையே என்று கவலைப்பட்டார்கள். அந்தக் கவலை ஒரு மொழியும் கலாச்சாரமும் அடுத்த தலைமுறைக்குப் போகுமா என்கிற கவலை. எழுத்தில் இல்லாமல் வாய்மொழியாகவே சட்டமும் பாட்டும் நிலத்தின் அறிவும் கைமாறும் சமூகத்தில், பிள்ளையின் நினைவாற்றல் போனால் எல்லாமே போய்விடும்.

2007-இல் அந்தப் பள்ளத்தாக்கின் பெண்கள் ஒன்றுகூடினார்கள். மார்னின்வார்ன்டிகுரா என்கிற பெண்கள் மையத்தை நடத்திவந்த ஜூன் ஆஸ்கர், எமிலி கார்ட்டர் ஆகிய இருவரும் முன்னே நின்றார்கள். ஊர்க் கடையில் கடுமையான மதுவை வாங்கி வெளியே எடுத்துப் போவதை நிறுத்த வேண்டும் என்று மது உரிம அதிகாரியிடம் கேட்டார்கள். அந்த வருடம் அக்டோபரில் தடை வந்தது: 2.7 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள எதையும் கடையிலிருந்து எடுத்துச் செல்ல முடியாது. முதலில் ஆறு மாதத்துக்கு என்றார்கள், அடுத்த வருடம் காலவரையின்றி நீட்டித்தார்கள். எதிர்ப்பு இல்லாமல் இல்லை. சொந்த ஜனங்களே கோபப்பட்டார்கள். "எங்கள் உரிமையில் கை வைக்க நீ யார்" என்று கேட்டார்கள். அந்தப் பெண்கள் பின்வாங்கவில்லை. குடித்துவிட்டு அடிபட்டு மருத்துவமனைக்கு வருபவர்களின் எண்ணிக்கை குறைந்தது. பெண்கள் இரவில் தூங்க முடிந்தது.

இந்தப் பெண்களின் கதையை 'யாஜிலாரா' என்ற ஆவணப்படமாக எடுத்து, 2009-இல் நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபையின் பெண்கள் ஆணையத்தில் திரையிட்டார்கள். ஜூன் ஆஸ்கர் 2017-இல் ஆஸ்திரேலியாவின் ஆதிகுடி மக்களுக்கான சமூக நீதி ஆணையர் ஆனார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண் அவர்தான்.

கடையில் தடை வந்தது முதல் படிதான். அடுத்து அவர்கள் எடுத்த முடிவுக்குத்தான் பெரிய துணிச்சல் வேண்டும். எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு எஃப்ஏஎஸ்டி இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும் என்றார்கள். எண்ணினால் வரும் கெட்ட பெயர் அவர்களுக்குத் தெரியும். பத்திரிகைகள் என்ன எழுதும், வெளியாட்கள் என்ன பேசுவார்கள் என்றும் தெரியும். ஆனாலும் பேராசிரியர் எலிசபெத் எலியட், டாக்டர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் போன்ற குழந்தை மருத்துவர்களையும் சிட்னி பல்கலைக்கழகத்தையும் ஜார்ஜ் இன்ஸ்டிட்யூட்டையும் தாங்களே கூப்பிட்டார்கள். ஆய்வாளர்கள் வந்து ஊரைக் கேட்கவில்லை. ஊர்தான் ஆய்வாளர்களைக் கேட்டது. ஒவ்வொரு கட்டத்திலும் ஊரின் சம்மதம் வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள்.

அந்த ஆய்வுக்கு லிலில்வான் என்று பெயர். 2002, 2003-இல் பிறந்து பள்ளத்தாக்கில் வாழ்ந்த எல்லாப் பிள்ளைகளின் குடும்பங்களையும் அணுகினார்கள். 127 குடும்பங்கள் சம்மதித்தன. அதாவது 95 சதவீதம். உள்ளூர் மக்களே கூடவே போய் அவரவர் மொழியில் விளக்கினார்கள். தாய்மார்கள் உட்கார்ந்து, தாங்கள் கர்ப்பமாக இருந்தபோது குடித்தோமா, எவ்வளவு குடித்தோம் என்று வாய் திறந்து சொன்னார்கள். 55 சதவீதப் பேர் குடித்ததாகச் சொன்னார்கள். பிறகு குழந்தை மருத்துவர், உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர், பிசியோதெரபிஸ்ட் எல்லோரும் சேர்ந்து 108 பிள்ளைகளைப் பரிசோதித்தார்கள். ஆயிரத்துக்கு 194 பிள்ளைகளுக்கு எஃப்ஏஎஸ்டி என்று தெரிந்தது. கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பிள்ளை. உலகிலேயே மிக அதிகமான அளவுகளில் ஒன்று.

எண்ணிக்கையைக் காகிதத்தில் எழுதிவிட்டு அவர்கள் போய்விடவில்லை. பரிசோதித்த ஒவ்வொரு பிள்ளைக்கும் என்னென்ன உதவி வேண்டும் என்று தனித்தனித் திட்டம் எழுதிக் குடும்பத்திடமும் பள்ளியிடமும் மருத்துவமனையிடமும் கொடுத்தார்கள். மாருலு என்ற பெயரில் ஊரே சேர்ந்து ஒரு திட்டம் நடத்தியது. கர்ப்பிணிகளிடம் மட்டும் பேசவில்லை. கணவன்மாரிடம் பேசினார்கள், பள்ளிப் பிள்ளைகளிடம் பேசினார்கள், பாட்டி தாத்தாக்களிடம் பேசினார்கள். 2008-க்கும் 2015-க்கும் இடையில், கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் குடித்ததாகச் சொன்ன பெண்களின் விகிதம் சுமார் பாதியாகக் குறைந்தது.

இந்தக் கதையை நான் இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. பொதுவாக விழிப்புணர்வு என்றால் ஒரு போஸ்டர், ஒரு வயிறு பெரிதான பெண்ணின் படம், மேலே ஒரு சிவப்புக் கோடு என்று முடிந்துவிடுகிறது. படித்தவர் படிக்காதவருக்கும், வெளியூர்க்காரர் உள்ளூர்க்காரருக்கும் உபதேசம் செய்வது போல ஆகிவிடுகிறது. ஃபிட்ஸ்ராய் பெண்கள் செய்தது வேறு. தங்கள் வீட்டுக் காயத்தைத் தாங்களே திறந்து பார்த்தார்கள். குடித்த தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல், அவள் ஏன் குடித்தாள் என்று கேட்டார்கள். அவளைச் சுற்றி இருந்த வன்முறை, துக்கம், குடிக்கும் கணவன், திறந்தே கிடந்த கடை எல்லாவற்றையும் சேர்த்து மாற்றப் பார்த்தார்கள். அதனால்தான் தாய்மார்கள் உண்மையைச் சொன்னார்கள்.

தென்னாப்பிரிக்காவிலும் இதே பாடம் கிடைத்திருக்கிறது. கேப் பகுதியின் திராட்சைத் தோட்டங்களில் கூலியின் ஒரு பகுதியை ஒயினாகக் கொடுக்கும் வழக்கம் நூற்றாண்டுகளாக இருந்தது. சட்டம் தடுத்த பிறகும் பழக்கம் தங்கிவிட்டது. அந்த நாட்டிலும் எஃப்ஏஎஸ்டி மிக அதிகம். வடக்கு கேப் மாகாணத்தின் டி ஆர் என்ற ஊரில், கர்ப்பிணிகள் என்று பிரிக்காமல் ஊர் முழுக்கத் தகவலைக் கொண்டு சேர்த்தார்கள். முன்பு அங்கே பிள்ளைகளில் 8.9 சதவீதம் பேருக்கு இருந்த கடுமையான பாதிப்பு, பிறகு பிறந்த பிள்ளைகளிடம் 5.7 சதவீதமாகக் குறைந்திருந்தது.

இனி, மது உள்ளே போனால் என்னதான் நடக்கிறது என்று சொல்கிறேன். நாம் விளக்கத் தெரிந்துகொண்டால்தான் அடுத்தவருக்குச் சொல்ல முடியும்.

தாய் குடிக்கும் மது நஞ்சுக்கொடி வழியாகத் தங்குதடையில்லாமல் பிள்ளைக்குப் போகிறது. கொஞ்ச நேரத்தில் தாயின் ரத்தத்தில் எவ்வளவு ஆல்கஹால் இருக்கிறதோ, ஏறக்குறைய அவ்வளவு பிள்ளையின் ரத்தத்திலும் இருக்கும். தாயின் கல்லீரல் அதை உடைத்து வெளியேற்றும். பிள்ளையின் கல்லீரல் இன்னும் தயாராகவில்லை, அதனால் முடியாது. போதாக்குறைக்குப் பனிக்குட நீரிலும் ஆல்கஹால் தங்கிவிடுகிறது. பிள்ளை அதையே விழுங்கிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் மூளைச் செல்கள் பிறந்து, இடம் மாறி, ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டிருக்கும். ஆல்கஹால் அந்த வேலையைக் கெடுக்கிறது. சில செல்களைக் கொல்கிறது, சிலவற்றைத் தப்பான இடத்துக்கு அனுப்புகிறது. மூளையின் இடது பாதியையும் வலது பாதியையும் இணைக்கும் பாலம் போன்ற பகுதிகூடச் சரியாக உருவாகாமல் போகலாம்.

முகம் உருவாவது மிக ஆரம்பத்தில். கரு உண்டான மூன்றாவது வாரத்தையொட்டிய நாட்களில் மது போனால், கண் திறப்பு சிறிதாகவும், மேலுதடு மெல்லியதாகவும், மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளம் இல்லாமல் வழுவழுப்பாகவும் பிள்ளை பிறக்கலாம். அந்த வாரத்தில் பெரும்பாலான பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்பதே தெரியாது. ஆனால் மூளை ஒன்பது மாதமும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. அதனால்தான் எஃப்ஏஎஸ்டி உள்ள பெரும்பாலான பிள்ளைகளுக்கு முகத்தில் எந்த அடையாளமும் இருப்பதில்லை, பாதிப்பு உள்ளே இருக்கிறது. பீரா, ஒயினா, பிராந்தியா, கள்ளா என்பதில் வித்தியாசம் இல்லை. "இவ்வளவு வரைக்கும் பரவாயில்லை" என்று எந்த அளவையும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. "இந்த மாதத்துக்கு மேல் பரவாயில்லை" என்று எந்த மாதமும் கிடையாது.

இதெல்லாம் மருத்துவ உலகத்துக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. 1968-இல் பிரான்சில் பால் லெமுவான் என்ற மருத்துவர், குடிப்பழக்கம் உள்ள பெற்றோருக்குப் பிறந்த 127 பிள்ளைகளைப் பார்த்து ஒரு கட்டுரை எழுதினார். பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1973-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் கென்னத் ஜோன்ஸும் டேவிட் ஸ்மித்தும் எழுதிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அதே காலத்தில்தான், குறைமாதத்தில் வந்துவிடும் பிரசவ வலியை நிறுத்த, கர்ப்பிணிகளுக்கு ஆல்கஹாலையே டிரிப்ஸாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மருத்துவர்களே அப்படிச் செய்த காலத்தில், ஒரு சாதாரணப் பெண்ணுக்குத் தெரியவில்லை என்று அவளை எப்படிக் குறை சொல்வது?

உலக அளவில் பத்தில் ஒரு பெண் கர்ப்ப காலத்தில் ஏதோ ஒரு அளவில் குடிக்கிறாள் என்றும், அப்படிக் குடிக்கும் 13 பேரில் ஒருவருக்கு எஃப்ஏஎஸ்டி உள்ள பிள்ளை பிறக்கிறது என்றும் 2017-இல் வந்த மதிப்பீடுகள் சொல்கின்றன. ஆஸ்திரேலியாவில் பத்தாண்டுக்கும் மேல் போராடித்தான், மது பாட்டில்களில் கர்ப்பிணி எச்சரிக்கையைக் கட்டாயமாக்கினார்கள். எச்சரிக்கை சிவப்பில் இருக்கக்கூடாது, செலவாகும் என்று மது நிறுவனங்கள் கடைசிவரை மல்லுக்கு நின்றன. 2023 ஜூலை 31 முதல் அது சிவப்பில்தான் அச்சாகிறது. பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்கத் தீங்கு வரலாம் என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. இந்தியாவில் பாட்டிலில் இருக்கும் எச்சரிக்கை, குடி உடல்நலத்துக்குக் கேடு, குடித்துவிட்டு வண்டி ஓட்டாதீர்கள் என்ற அளவில் நின்றுவிடுகிறது. கர்ப்பம் பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

சரி, நம் வீட்டுக்கு வருவோம்.

"நம்ம பொண்ணுங்க யாரும் குடிக்க மாட்டாங்க, இது வெள்ளைக்காரன் பிரச்சனை." பெர்த்தில் நடக்கும் தமிழ் விழாக்களில் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் வரும் முதல் பதில் இது. தேசிய குடும்ப நல ஆய்வும் அப்படித்தான் சொல்கிறது: 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் மது குடிக்கும் பெண்கள் 0.3 சதவீதம். குறைவு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் மாமியாரும் கணவரும் வீட்டில் இருக்கும்போது, கையில் படிவத்தோடு வந்து கேட்பவரிடம் "ஆமாம், எப்போதாவது குடிப்பேன்" என்று எத்தனை பெண்கள் சொல்வார்கள்? ஊரை விட்டு வந்து பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் இங்கேயும் வேலை பார்க்கும் பிள்ளைகளின் வாழ்க்கை அந்தக் கணக்கில் வருமா?

இங்கே ஒரு வளைகாப்பில் நடந்ததைச் சொல்கிறேன். சாப்பாடு முடிந்து பாத்திரம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது ஒரு சின்னப் பெண் பக்கத்தில் வந்து நின்றாள். வளைகாப்பு அவளுக்கல்ல. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அக்கா, எனக்கு நாள் தள்ளிப்போயிருக்கு. டெஸ்ட் எடுத்தேன், கன்ஃபர்ம் ஆயிடுச்சு. அதுக்கு முன்னாடி ஆபீஸ் பார்ட்டியில ரெண்டு வாட்டி ஒயின் குடிச்சுட்டேன். குழந்தைக்கு ஏதாவது ஆயிடுமா? யார்கிட்டயும் கேட்க முடியலை. அம்மாகிட்ட சொன்னா கொன்னே போட்டுருவாங்க" என்றாள்.

அவளிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். நடந்தது நடந்துவிட்டது, அதை நினைத்து உருக வேண்டாம். தெரியாமல் கொஞ்சம் குடித்த பெரும்பாலான பெண்களுக்கு நல்லபடியாகத்தான் பிள்ளை பிறக்கிறது. இன்றைக்கு நிறுத்தினால் இன்றிலிருந்து பிள்ளைக்கு நல்லது. எத்தனையாவது மாதத்தில் நிறுத்தினாலும் பயன் உண்டு, மீதி நாட்களில் வளரும் மூளைக்கு அது பாதுகாப்பு. மறைக்காமல் டாக்டரிடமோ மிட்வைஃபிடமோ சொல்லிவிடு. அவர்கள் குறித்து வைத்துக்கொண்டால், நாளைக்குப் பிள்ளைக்கு ஏதாவது தாமதம் தெரிந்தால் எங்கே தேட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆறு வயதுக்குள் கண்டுபிடித்து உதவி கிடைத்த பிள்ளைகள், பிற்காலத்தில் படிப்பை விடுவதும் சட்டச் சிக்கலில் மாட்டுவதும் குறைவு என்று பார்த்திருக்கிறார்கள்.

கண்டுபிடிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் இந்த மாநிலத்திலேயே சாட்சி இருக்கிறது. பெர்த்தில் உள்ள பேங்க்ஸியா ஹில் சிறார் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த இளையவர்களில் 99 பேரைப் பரிசோதித்தபோது, 36 சதவீதம் பேருக்கு எஃப்ஏஎஸ்டி இருந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு அதுவரை யாரும் அதைக் கண்டுபிடிக்கவே இல்லை. பள்ளியில் "சொன்ன பேச்சு கேட்காதவன்" என்ற பட்டத்தோடு தொடங்கிய பாதை அங்கே போய் முடிந்திருக்கிறது.

தினமும் அதிகமாகக் குடிக்கும் பழக்கம் உள்ள பெண்ணாக இருந்தால், வீட்டிலேயே திடீரென்று நிறுத்துவது அவளுக்கும் பிள்ளைக்கும் ஆபத்தாக முடியலாம். அவளை மிரட்டி அறையில் பூட்டாதீர்கள். மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். மேற்பார்வையில் பாதுகாப்பாக நிறுத்த வழி இருக்கிறது.

நம் வழக்கங்களில் கவனிக்க வேண்டியவையும் உண்டு. பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்குக் கதகதப்பு வேண்டும் என்று பிராந்தி கொடுக்கும் பழக்கம் நம் பல குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. சளிக்குப் பிள்ளையின் வாயில் ஒரு சொட்டு வைக்கும் பழக்கமும் இருக்கிறது. தாய் குடிக்கும் மது தாய்ப்பாலிலும் வரும். குழந்தைக்கு நேரடியாக ஒரு சொட்டுகூடக் கொடுக்கக்கூடாது. தசமூலாரிஷ்டம் போன்ற அரிஷ்டங்கள் புளிக்க வைத்துச் செய்யப்படுபவை. அவற்றிலும் இயல்பாகவே ஆல்கஹால் உண்டு. பாட்டிலின் பின்னால் எழுதியிருக்கும். கர்ப்பமாக இருக்கும்போது நாட்டு மருந்துதானே என்று நாமாகக் குடிக்காமல், டாக்டரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஆண்கள். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நம் வீடுகளில் பெண் குடிப்பது குறைவு, ஆண் குடிப்பது அதிகம். தமிழ்நாட்டில் நாலில் ஒரு ஆண் குடிப்பதாக அதே ஆய்வு சொல்கிறது. குடிக்கும் கணவனோடு வாழும் கர்ப்பிணிக்கு அடி விழுகிறது, சத்தான சாப்பாட்டுக்குக் காசு இல்லாமல் போகிறது, தூக்கம் போகிறது. அவள் ஒரு சொட்டும் குடிக்காமலேயே வீட்டுக் குடி அவள் வயிற்றுப் பிள்ளையைத் தொடுகிறது. வெளிநாட்டில் இருக்கும் சில ஜோடிகளில் வேறு மாதிரி: கணவன் குடிக்கும்போது "கம்பெனிக்கு ஒரு சிப்" என்று அவளையும் கூப்பிடுகிறான். குடிக்கிற கணவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒன்பது மாதம் தனியாக மறுத்துக்கொண்டே இருப்பது எவ்வளவு சிரமம் என்று அவன் யோசிப்பதில்லை. ஃபிட்ஸ்ராய் பெண்கள் இதைப் புரிந்துகொண்டதால்தான் கர்ப்பிணியிடம் போவதற்கு முன்னால் கடைக்கும் கணவனிடமும் போனார்கள்.

அதனால் நான் கேட்பது இதுதான். மனைவி கர்ப்பம் என்று தெரிந்த நாளில் நீங்களும் நிறுத்துங்கள். குழந்தைக்கு முயற்சி செய்கிறோம் என்று இருவரும் முடிவெடுக்கும் நாளிலேயே நிறுத்தினால் இன்னும் நல்லது. முதல் வாரங்கள் யாருக்கும் தெரியாமலேயே போய்விடுகின்றன. பார்ட்டி வைப்பவராக இருந்தால், ஒரு பெண் ஜூஸ் கேட்டால் "ஏன், ஏதாவது விசேஷமா?" என்று நாலு பேர் முன்னால் கேட்காதீர்கள். ஜூஸைக் கொடுத்துவிட்டு வேறு பேச்சுப் பேசுங்கள். மாமியாராக, அம்மாவாக இருந்தால், பப்பாளியைப் பற்றிச் சொல்லும்போது இதையும் ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள். கோபமாகக் கேட்காமல் தகவலாகச் சொல்லுங்கள். கிராம சுகாதார நர்ஸாகவோ டாக்டராகவோ இருந்தால், முதல் பரிசோதனையில் சர்க்கரை, ரத்த அழுத்தம் கேட்பது போலவே, குடிப்பழக்கம் உண்டா என்று எல்லாப் பெண்களிடமும் ஒரே மாதிரி, தனியாக வைத்துக் கேளுங்கள். வீட்டில் குடிப்பவர் யார் என்றும் கேளுங்கள். ஆசிரியராக இருந்தால், திரும்பத் திரும்ப மறக்கும் பிள்ளையை அடிப்பதற்கு முன் ஏன் மறக்கிறது என்று ஒருமுறை யோசியுங்கள்.

எஃப்ஏஎஸ்டி வந்த பிறகு குணப்படுத்த மருந்து இல்லை. வராமல் தடுக்க ஒரு பைசா செலவில்லை. உலகத்தில் இப்படி முழுமையாகத் தடுத்துவிடக்கூடிய மூளைப் பாதிப்புகள் மிகக் குறைவு. தடுக்கும் வேலையைக் கர்ப்பிணியின் தலையில் மட்டும் சுமத்திவிட்டு நாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தால், அது நடக்காது.

இதைப் படித்து முடித்ததும் உங்களுக்குத் தெரிந்த ஒரு கர்ப்பிணிக்கு அனுப்பத் தோன்றும். அனுப்புங்கள். ஆனால் அவள் கணவனுக்கு முதலில் அனுப்புங்கள்.